பேனரின் மறுமுனையில் ஒரு கை

அனுப்புநர்:
பயணப்பை வியாபாரி
(கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் தந்தை),
பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசை,
கடைவீதி.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை அலுவலகம்.

பொருள்: வெளிநாட்டில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பயணம் செய்த இரு மாணவியரில் ஒருத்திக்கு மட்டும் செமஸ்டரை ரத்து செய்த கல்லூரி ஆணையை நீக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பயணப்பை விற்பவன். பேருந்து நிலைய வாசலில் உட்கார்ந்து பிய்ந்த ஜிப்புகளைத் தைத்துக் கொடுத்து, அதிலிருந்து சொந்தக் கடைக்கு வந்தவன். வெளிநாடு போகிறவர்களுக்குப் பெட்டி விற்றே தலை நரைத்துவிட்டது, நான் போனதில்லை. என் மகள்தான் போனாள். தங்கள் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியில் படிக்கும் அவளும் அவள் வகுப்புத் தோழியும், கல்லூரியின் ஏற்பாட்டிலேயே ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துத் திரும்பினார்கள். ஒரே விடுதி அறை, ஒரே வகுப்பு, ஒரே ரயில். வந்து இறங்கியபின் என் மகள் செய்தது படிப்பு என்றும், தோழி செய்தது ஊர்சுற்றல் என்றும் கல்லூரி கண்டுபிடித்திருக்கிறது. இந்த அரிய கண்டுபிடிப்பைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இம்மனு.

2. தேறிய பெண்ணின் தகப்பனுக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். தோழியின் தந்தை லாரி ஓட்டுநர். மனு எழுதுவோம் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, “விடுங்கண்ணே, ஒரு வருஷம்தானே. பெரிய இடத்தோட நமக்கெதுக்கு மல்லுக்கட்டு?” என்றார். ஒரு வருடத்தை ‘தானே’ போட்டுச் சொல்ல, இழக்கிறவருக்கு உரிமை உண்டு. பிடுங்கியவருக்கு இல்லை. ஆகவே அவரிடம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு நான் எழுதுகிறேன்.

3. கல்லூரியின் வெளிநாட்டுக் கல்விப் பிரிவுக்குப் பொறுப்பு அலுவலர் ஒருவர் இருக்கிறார். மாணவிகள் அங்கே ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று அறிய அவர் கண்டுபிடித்த வழி, ஒரு பேனர். கல்லூரிப் பெயரும் நிறுவனர் ஐயாவின் முகமும் அச்சிட்ட அந்தப் பேனரை வாராவாரம் வகுப்பறையில் விரித்துப் பிடித்துப் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும். என்ன பாடம் நடந்தது, எதை வரைந்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பேனர் சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அங்கே கூடப் படித்த மாணவர் ஒருவர், பேனரிலிருந்த முகத்தைக் காட்டி, காணாமற்போன உறவினரைத் தேடுகிறீர்களா என்று பரிவோடு விசாரித்திருக்கிறார். “இல்லப்பா, இவரு எங்க போனாலும் எங்க பின்னாடியே வர்றவரு” என்று தோழி பதில் சொன்னாளாம். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். வாய் நீளமாக இருந்தால் செமஸ்டர் குறையும் என்று தங்கள் விதிமுறையில் எங்கும் காணோம்.

4. செமஸ்டர் நடுவே அலுவலர் மனைவியோடு ஆய்வுக்குச் சென்றார். அந்த ஆய்வின் விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே வந்து சொன்னார். அங்கே வாங்கியதையெல்லாம் அடைக்கக் கூடாத அளவுக்கு அடைத்துக் கொண்டுவந்த பெட்டியின் சக்கரம் உடைந்துபோக, மாணவியின் அப்பா கடைதானே என்று என்னிடம் தூக்கிவந்தார். நான் சக்கரம் மாற்றிக்கொண்டிருக்க, அவர் டீ குடித்தபடி என் மகளைப் பாராட்டினார்: “உங்க பொண்ணு தங்கம் சார். அன்னிக்கு முழுக்க எங்க கூடவே கடை கடையா வந்து பையெல்லாம் தூக்கிச்சு. கூட ஒண்ணு இருக்கே, அதுக்குத் திமிரு. வகுப்பு இருக்குன்னு சொல்லிட்டு அதுபாட்டுக்குப் போயிடுச்சு.”

அதாவது, அன்று வகுப்புக்குப் போனவள் தோழி. போகாதவள் என் மகள். இதை மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். “என்ன பண்ணச் சொல்றீங்கப்பா, அவருதானே கையெழுத்துப் போடணும்” என்றாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போடுகிறவனுக்குச் சுமை தூக்குவது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ளக் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டியதில்லை, அதை என் கடையிலேயே சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

5. இனி, குற்றமாகக் காட்டப்படும் பயணம். அங்குள்ள ஆசிரியர் ஒவ்வோர் இணைக்கும் ஒரு பழைய பாலத்தைக் கொடுத்து, நேரில் போய் அளந்து வரைந்துவரச் சொல்லியிருக்கிறார். அது பாடத்தின் பகுதி. ஆசிரியரின் கடிதத்தை இணைத்திருக்கிறேன். இவர்கள் இருவரும் ரயிலேறி ஓர் ஆற்றங்கரை ஊருக்குப் போனார்கள். சாரலில் நனைந்துகொண்டு, அளவு நாடாவின் ஒரு முனையை ஒருத்தி பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி இழுத்துப் போய் அந்தக் கல்பாலத்தை வளைவு வளைவாக அளந்தார்கள். விதிக்குப் பயந்து, கொண்டுபோன பேனரையும் அங்கேயே விரித்தார்கள். காற்றில் நிறுவனர் ஐயா படகின் பாய்போல உப்பிக்கொள்ள, இருவரும் சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு முனையைப் பற்றி நின்றார்கள். நாயோடு நடைக்கு வந்த யாரோ ஒரு பெரியவர் படமெடுத்துக் கொடுத்தார். அதுவே அந்த வாரப் படமாக அலுவலருக்குப் போனது.

6. திரும்பி வந்தபின் பிறந்த ஆணை சொல்வது இது: தோழி ‘அனுமதியின்றி உல்லாசப் பயணம் மேற்கொண்டதோடு, சக மாணவியையும் அழைத்துச் சென்றார்’. ஆகவே அவள் செமஸ்டர் ரத்து. என் மகள் ‘அழைத்துச் செல்லப்பட்டவர்’, ஆகவே தேர்ச்சி. ஐயா, அழைத்துச் செல்லப்படும் சாமான்களை நான் விற்கிறேன். என் மகளுக்குக் கைப்பிடியும் சக்கரமும் வைத்து நான் வளர்க்கவில்லை. அவள் தன் காலால் நடந்துபோய் ரயிலேறினாள்.

இன்னொன்று. அந்தப் பாலத்துக்கு இருவரும் சேர்ந்து வரைந்தது ஒரே வரைபடம். அதே தாளுக்கு என் மகளுக்கு மதிப்பெண் உண்டு, தோழிக்குப் பூஜ்யம். அளவு நாடாவை ஒற்றை ஆளாக இரு கரையிலும் பிடிக்கும் வித்தை அலுவலருக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து அதையும் ஒரு பாடமாக வைக்கலாம்.

7. அலுவலரிடம் நேரில் போய்க் கேட்டேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. பெட்டிச் சக்கரம் நன்றாக ஓடுகிறதா என்று நானாக விசாரித்தபின் நாற்காலி வந்தது. “உங்க பொண்ணு பாஸாயிடுச்சுல்ல, அப்புறம் என்ன சார்? நீங்க வியாபாரி, இந்த நிர்வாகமெல்லாம் உங்களுக்குப் புரியாது” என்றார். “புரிஞ்சதனாலதான் சார் வந்தேன்” என்றேன். என் கடையிலும் ஒரே சரக்கைப் பிரித்து, பிடித்தவருக்கு நல்லது, பிடிக்காதவருக்குப் பழுது என்று சொல்ல முடியும். அதற்குப் பெயர் நிர்வாகம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

8. இப்போது நடப்பது: தோழியின் வரைமேசையை இறுதியாண்டு வகுப்பிலிருந்து தூக்கி, இளையவர்கள் வகுப்பின் கடைசி வரிசையில் போட்டுவிட்டார்கள். அவள் வாய் அடங்கிவிட்டது. அலுவலர் விரும்பியது கிடைத்துவிட்டது. என் மகள் தன் வகுப்பில் உட்காருவதில்லை, நின்றபடியே வரைகிறாள். வீட்டில் அவள் அம்மா கெஞ்சிப் பார்த்தாள். “அவ மேசை திரும்பி வரட்டும்மா, அப்புறம் உட்கார்றேன்” என்பதோடு பேச்சு முடிந்தது. இறுதியாண்டுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கெடு இம்மாத முடிவில் வருகிறது. அதற்குள் ஆணை நீங்காவிட்டால் தோழிக்கு ஒரு வருடம் போய்விடும்.

9. இவ்வளவும் செய்த கல்லூரி, வாசலில் புதிதாக ஒரு விளம்பரப் பலகை வைத்திருக்கிறது. ‘உலகெங்கும் நம் மாணவியர்’ என்று எழுதி, கீழே படம். எந்தப் படம்? அந்தப் பாலத்தில், அந்த ‘உல்லாசப் பயணத்தில்’ எடுத்த படம்தான். வகுப்பறையில் எடுத்து அனுப்பிய அத்தனை படங்களும் பார்க்க நன்றாக இல்லையாம். குற்றவாளியைக் காட்டக் கூடாதல்லவா, எனவே தோழியை அழித்து அந்த இடத்தில் ஆற்றை இட்டு நிரப்பிவிட்டார்கள். ஆனால் அவள் விரல்கள் நிறுவனர் ஐயா பெயரின் கடைசி எழுத்தின்மேல் இருக்கின்றன. விரல்களை அழித்தால் பெயர் போய்விடும். அதனால் மணிக்கட்டோடு கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆற்றுக்கு மேலே, உடம்பில்லாத ஒரு கை. மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா, “இது யாரு கை?” என்று காவலாளியிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது. “எடுக்க மறந்துட்டாங்க போலம்மா” என்றார் அவர். அந்தக் கல்லூரியில் நான் கேட்ட ஒரே நேர்மையான பதில் அதுதான்.

10. ஆகவே ஐயா அவர்கள், அந்த ஆணையை உடனே நீக்கி, தோழியின் செமஸ்டரையும் மேசையையும் திருப்பித் தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பயணம் குற்றம்தான் என்று முடிவானால், என் மகளின் செமஸ்டரையும் ரத்து செய்யுங்கள். அவளும் கீழே ஒப்பமிட்டிருக்கிறாள். இரண்டில் எதற்கும் கல்லூரிக்கு மனமில்லை என்றால், அந்தக் கையையாவது விளம்பரத்திலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றை அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்: நிறுவனர் ஐயாவை ஆற்றில் விழாமல் இந்நாள்வரை பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கைதான்.

இடம்: கடைவீதி
நாள்: ஜூன் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
பயணப்பை வியாபாரி

உடன் ஒப்பம்:
மகள், ‘அழைத்துச் செல்லப்பட்டவர்’

இணைப்பு: வெளிநாட்டு ஆசிரியரின் கடிதம், கல்லூரி ஆணையின் நகல், பாலத்தில் எடுத்த படம் (இருவரும் முழுதாக இருப்பது), வாசல் விளம்பரத்தின் படம் (ஒருத்தி மட்டும் முழுதாக இருப்பது).