டெக்லனுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கராஜுக்குள் இலை புகுந்து ஒரே சேறு. கூட்டவில்லை.

பல் கிளினிக்கில் எனக்கு நிறைய வேலை. ஊசியைக் கண்டதும் அழுத ஓர் ஆறடி மனிதர். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாலை டெக்லன் எங்கள் மகளைக் கூட்டிவரக் காரில் போனார். அஜின்கோர்ட் நூலகம், ஐந்து நிமிட ஓட்டம். ஆள் போய்ச் சேரவில்லை. மீரா அழைத்தாள். "அம்மா, டாட் இன்னும் வரேல்லை. போனும் எடுக்கிறார் இல்லை. ஐ'ம் ஃப்ரீஸிங்." டாக்சி பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன்.

பிறகு டெ. அழைத்தார். நாற்பது கிலோமீற்றர் தள்ளி, ஒஷாவாவில் நிற்கிறாராம். 401 நெடுஞ்சாலையில் ஏறியவர் இறங்கவேயில்லை.

"றோட்டு நல்லாப் போச்சுது. அதான் போய்க்கொண்டிருந்தனான்."

(சொன்னது இங்கிலிஷில். எங்கள் தமிழில் எழுதினால் ஆள் கொஞ்சம் கிட்ட வருகிறார்.)

இரவு புட்டு, மீன் குழம்பு. டெ. சொன்னார், மீன் நல்லாயிருக்கு. கொஞ்சம் கழித்து, மீன் நல்லாயிருக்கு.

நவம்பர் 6, வியாழன்

வெயில். ஆனால் காது விறைக்கும் குளிர். வாங்க: பால், வெங்காயம், டெ.க்குக் கையுறை (திரும்பவும்).

ஞாபகசக்தி கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். டெ.க்கு அடுத்த சோதனை புதன் காலை.

வசந்தத்தில் நடந்த சோதனையில் அவர் பாஸ். எப்படிப் பாஸ் என்று எனக்குத்தானே தெரியும்.

டெ. ரக்பியில் முன்வரிசை. எட்டுப் பேர் எட்டுப் பேரோடு குனிந்து முட்டித் தள்ளுவார்களே, அதில் முதல் தலை. லிமரிக் பக்கத்து மாட்டுப் பண்ணையில் தொடங்கி, முப்பத்து மூன்று வயதில் கழுத்து போகும்வரை அதே வேலை. அயர்லாந்துக்காக ஆடியது இரண்டே ஆட்டம். அதற்கு ஒரு வெல்வெட் தொப்பி கொடுத்தார்கள், குஞ்சம் வைத்தது. தலையைக் கொடுத்ததற்குத் தொப்பி. பிறகுதான் ரொறன்ரோவில் ஒரு கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தார். உடைந்த முன்பல்லோடு எங்கள் கிளினிக்குக்கும் வந்தார். மிச்சம் தெரிந்ததுதான்.

தலையில் அடிபட்டு விழுந்தால் டீம் டொக்டர் ஓடிவந்து கேட்பாராம். இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? தெரியாவிட்டால் வெளியே. அதனால் பக்கத்தில் நிற்பவன் சப்பாத்து நூல் கட்டுகிற சாக்கில் குனிந்து பதிலைக் காதில் சொல்லிவிடுவானாம். எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்களாம். எங்கள் கல்யாண விருந்தில் டெ. இதைச் சொல்லிக்காட்ட, என் ஆட்களெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

வசந்தத்தில் கிளினிக் லிஃப்டில் டெ. குனிந்து என்னிடம் கேட்டார்: என்ன திகதி, எத்தனையாம் மாடி? சொன்னேன். உள்ளே கிழமையைக் கேட்டபோது, டொக்டருக்குத் தெரியாமல் வாயசைத்தேன். வரும்போது இரண்டு பேரும் கள்ளப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

நவம்பர் 8, சனி

மப்பு வானம். அஜக்ஸிலிருந்து அக்கா, கத்தரிக்காய்க் குழம்போடு. டிவியில் அயர்லாந்து ஆட்டம்.

ஒரு பொடியன் தலை மோதி விழுந்து, முழங்காலில் எழும்பினான். டெ. சோபாவில் இருந்து டிவிப் பக்கம் சரிந்து, மெல்ல, "இரண்டாவது பாதி. இரண்டாவது பாதி எண்டு சொல்லு" என்றார்.

அது முதல் பாதி.

அக்கா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"எடி, உன்ர மனிசன்ர கார்த் திறப்பை எடுத்து ஒளி. ஆரோ ஒராளின்ர பிள்ளையை அடிச்சுப்போட்டு வந்து நிண்டா என்ன செய்வாய்?"

"டொக்டர் போனமுறை பாஸ் எண்டவர்தானே அக்கா."

"பாஸ் எடுத்தது அவரோ, நீயோ?"

இவளிடம் ஏன்தான் எல்லாவற்றையும் சொல்கிறேனோ. குழம்பில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

முதல் பனி. நிற்கவில்லை, கரைந்துவிட்டது.

டெ. காலையிலிருந்து சோதனைக்குப் படிக்கிறார். குளியலறைக்குள் மாதங்களைத் தலைகீழாகச் சொல்கிற சத்தம். ஓகஸ்டில் சிக்கி, முதலிலிருந்து தொடங்குகிறார்.

நான் வெங்காயம் வெட்டும்போது வந்து பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு நீர் பக்கத்தில இருப்பீர்தானே?"

"ஓம்."

அவ்வளவுதான். முகம் தெளிந்துவிட்டது. மீராவைச் சீண்டிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டார்.

எனக்கு யார்மேலோ கோபம். கைதட்டிய சனத்தின்மேல், காதில் சொன்ன அத்தனை பேர்மேல். அந்த வரிசையில் நானும். பயமாக இருக்கிறது. டெ.க்கு ஐம்பத்தொன்று. அது இதற்கு ஒரு வயதா?

நவம்பர் 12, புதன்

காற்று. கார் ஓட்டியது டெ. சிவப்பு விளக்குகளில் நின்றார். ஒன்றில் பச்சை விழுந்தும் நின்றார்.

டொக்டர் நல்ல பெண். மாதம் கேட்டார், டெ. சரியாகச் சொன்னார். கிழமை கேட்டார்.

டெ. என் பக்கம் திரும்பினார். பதற்றமே இல்லை. பார்க்காமல் கையை நீட்டினாலும் பந்து வந்துவிடும் என்று ஓடுகிறவனின் முகம். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்தேன். ஒரு தரம் படித்து, திரும்பவும் படித்தேன்.

"ஞாயிறு" என்றார்.

பிறகு கேட்டதெல்லாம் சரிந்துகொண்டே போனது. மகளின் வயதும். இனிக் கார் ஓட்டக் கூடாது, அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றார் டொக்டர். டெ. மரியாதையாக நன்றி சொன்னார்.

பார்க்கிங்கில் நின்றார்.

"உமக்குத் தெரியும்தானே, இண்டைக்கு என்ன கிழமை எண்டு?"

"ஓம்."

"அப்ப வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

"ஓம்."

யோசித்தார். "என்னை ஆட்டத்தால எடுத்துப்போட்டீர்." கோபமில்லை. கோபித்திருக்கலாம்.

திறப்பை என் கையில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் போய் ஏறினார். நானும் ஏறினேன். சீற் அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளிக் கிடந்தது. என் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. சீற்றை முன்னுக்கு இழுக்கக் கை வரவில்லை. டெ. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.