டிரைவர் இல்லாத சக்திமான்

மரியே வாழ்க

தூத்துக்குடி
2 ஜூலை 1972

அன்பு மகன் ரெமிஜியுசுக்கு அம்மா முத்தத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அந்தப் பனிமலையில் நீயும் சுகமாக இருக்க மாதா உன் பக்கத்தில் நிற்கட்டும். இவ்வளவும் இதுவரை உனக்கு வந்த எல்லாக் கடிதத்திலும் இருப்பதுதான். இனிமேல் எழுதப் போவது உன் அப்பாவுக்குத் தெரியாது. எப்போதும் அவர் எழுதி முடித்துவிட்டு, அடியில் இரண்டு விரல் இடம் விட்டு, "ஏளா, நீயும் ஏதாம் எழுதணும்னா எழுது" என்று என் பக்கம் தள்ளுவார். நானும் நன்றாகச் சாப்பிடு, பனியில் நிற்காதே என்று நெருக்கி எழுதி முடிப்பேன். இந்தத் தடவை நானே தாளும் கவரும் வாங்கி வந்து, அவர் தோணி கட்டும் வேலைக்குப் போன பிறகு எழுதுகிறேன். முழுத் தாளும் என்னுடையது.

புன்னைக்காயலில் உன் அக்கா இசபெல்லாவுக்கு இது ஏழாம் மாதம். கால் வீங்குகிறதாம், பேறுகாலத்துக்கு அழைத்து வர வேண்டும். எப்போது போவோம் என்று கேட்டால் உன் அப்பா, மேசையில் செய்து வைத்திருக்கிற மர லாரிக்குப் பின்பக்கத்து விளக்கு மாட்டிவிட்டுப் போகலாம் என்கிறார். பெற்ற மகளைவிட விளக்கு பெரிதாகிவிட்டது. புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகளால் தெருவெல்லாம் ஒரே தூசி, துவைத்துப் போட்ட துணியை மறுபடி துவைக்கிறேன். உன் அப்பாவுக்கோ அந்த லாரிகளைக் கண்டால் கொண்டாட்டம். டீக்கடையில் ஒன்று நின்றால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடுகிறார். போன வாரம் ஒரு டிரைவர், "என்ன அண்ணாச்சி, வண்டிக்கு அடியில என்னத்தத் தேடுதீரு" என்று சத்தம் போட்டிருக்கிறான். இவர் உள்ளே இருந்தபடியே, "ஒண்ணுமில்லப்பா, எம் மவன் ஓட்டுத வண்டியில ஸ்பிரிங் இத விட ஜாஸ்தி" என்றாராம். தெருவே சிரிக்கிறது.

ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த லாரி நேர்ச்சை என்னுடையது. போன டிசம்பரில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது, உன்னிடமிருந்து கடிதமோ தாக்கலோ இல்லாமல், சோறு இறங்காமல் கிடந்தபோது, பனிமய மாதா முன் முழங்காலில் நின்றவள் நான். புயலில் தப்பி வந்த தோணிக்காரர்கள் சின்னத் தோணி செய்து மாதாவுக்கு வைப்பார்களே, அதுபோல என் பிள்ளை உயிரோடு இருந்தால் அவன் ஓட்டுகிற ராணுவ லாரியைச் செய்து வைக்கிறேன் என்று நேர்ந்தவளும் நான். உள்ளங்கை அளவுக்கு ஒன்றை யாரிடமாவது செய்து வாங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். உன் அப்பாவிடம் வாயை விட்டேன், அதோடு போயிற்று. தோணிக்கு அறுத்து மிஞ்சிய தேக்கில் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, மேசை முழுக்க அடைக்கிறாற்போல் ஒரு சக்திமான் லாரியே செய்கிறார். பழைய கடிகாரத்தின் சுருளை நறுக்கி ஸ்பிரிங் பட்டை, ரப்பர் செருப்பை வெட்டி டயர், குடைக்கம்பியில் அச்சு. முன் விளக்குக்கு என் நல்ல ரவிக்கையின் சிப்பிப் பொத்தான் இரண்டைக் கேட்காமலே அறுத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்களிடம், "மாதாவுக்கு எம் நேர்ச்சை" என்கிறார். நான் காப்பி கொடுக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நீ எழுதுகிற கடிதங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. முன்பெல்லாம் என்ன சாப்பிட்டாய், யார் பக்கத்தில் படுக்கை போட்டிருக்கிறாய் என்று எழுதுவாய். இப்போது நாலு பக்கமும் சேஸிஸ், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், நடுவில் படம் வேறு. இதையெல்லாம் எழுதலாமா, உன் அதிகாரிகள் கேட்க மாட்டார்களா? கடைசியில் ஒரு வரி, அம்மாவுக்கு என் அன்பு. அதை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கடிதத்தை உளிப்பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார். நீ இங்கே இருந்த நாளில் அவர் உன்னோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நீ பரீட்சையில் தோற்றபோது உனக்காக அவரிடம் சண்டை போட்டவள் நான். இப்போது அப்பனும் மகனும் ஒன்று, நான் யாரோ. எனக்குப் பொறாமைதான் ரெமி. வயிறு எரிகிறது. வெட்கத்தை விட்டே சொல்கிறேன்.

இதில் ஒரு கூத்தையும் கேள். பச்சைப் பெயிண்ட் அடிக்கிற நாள் வந்தது. தோணி வேலைக்காரரின் கை சும்மா இருக்குமா, மரத்தைக் கண்டதும் தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெயை எடுத்து லாரி முழுக்கத் தேய்த்து ஊறவிட்டு, அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார். காயுமா? தொட்டால் கையோடு வருகிறது. வீடெல்லாம் சுறா நாற்றம். மறுநாள் மதியம் பக்கத்து வீட்டு கிளாடிஸின் பூனை மேசையில் ஏறி, உன் சக்திமானின் பானெட்டை நக்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். விரட்டவில்லை. நக்கு என்று விட்டுவிட்டு அரிசி புடைத்தேன். சாயங்காலம் அவர் வந்து பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்போது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்போது பெயிண்ட் காய்ந்துவிட்டது, கூண்டுக்குப் பாய்த்துணியும் கட்டியாகிவிட்டது. முந்தாநாள் அவராகவே, "ஏளா, டிரைவர் வேணும்லா, துணியில ஒரு பொம்ம தச்சுத் தா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டாளத்துப் பச்சையில் துணி வாங்கி, பஞ்சு அடைத்து, உன் புருவம் கூடி நிற்பதுகூட விட்டுப்போகாமல் தைத்தேன். உயரத்துக்கு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் உன் நெற்றியில் முத்தம் கொடுத்தபோது நான் எக்கவே இல்லை, நீயும் குனியவில்லை. அந்த உயரத்தைத்தான் அடிக்கு ஓர் அங்குலமாகக் கணக்குப் போட்டேன். கொண்டுபோய் உட்கார வைத்தால் பொம்மை ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விட்டது. வெளியே தொப்பி மட்டும் தெரிகிறது. உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இது பள்ளிக்கூடத்துப் பயலுல்லா. அவன் இப்பம் எம்புட்டு வளந்துட்டான் தெரியுமா? மெடிக்கல்ல அளந்து எனக்கு எழுதியிருக்கான்" என்று உன் உயரத்தைச் சொன்னார். நான் பெற்ற பிள்ளையின் உயரத்தை இன்னொருவர் எனக்குச் சொல்கிறார். நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது, சண்டையில் உன் லீவும் போயிற்று, பிள்ளை வளர்வான் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே. பொம்மையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அவர் சொன்ன உயரத்துக்கு நான் தைக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார், டிரைவர் சீட் காலியாகவே இருக்கிறது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மாதா திருநாள். அதற்குள் நீ எனக்கு எழுது. அதில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. எவ்வளவு வளர்ந்திருக்கிறாய், தோள் அகன்றிருக்கிறதா, மீசை வந்துவிட்டதா, எல்லாம் எழுது. நீ சொன்னால் தைக்கிறேன்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கு, படுக்குமுன் ஜெபமாலை சொல், இறக்கத்தில் வேகமாக ஓட்டாதே. மாதா உன்னை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கட்டும். சீக்கிரம் லீவு கிடைத்து நீ வீடு வந்து சேரட்டும். மறந்துவிடாதே, கவரின் மேல் சிலுவை ஓடாவி என்று அப்பா பெயரைப் போடாதே, பிலோமினா என்று போடு. இந்த வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று தபால்காரருக்கும் தெரியட்டும்.

உன் அம்மா
பிலோமினா