முன்னால் ஒரு ‘பி’

மார்ச் 3

அன்புள்ள டப்பாராணிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் பேனாவை எடுத்தேன். நான் நலம் என்று எழுதினால் பொய். எந்த டப்பாவில் எந்த டிரான்சிஸ்டர் இருக்கிறது என்று தெரியாமல் நம் ரிப்பேர் கடையில் திண்டாடுகிறேன். பதினேழு வருடமாகக் கேட்டதை எடுத்துக் கொடுத்தவள் நீதானே?

பேக்கரிக்காரரின் ஸ்டெபிலைசர் புகைந்த அன்று அவர் எதிரில் ஏதோ சொல்லிவிட்டேன். அதற்காகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவாளா ஒரு பெண்டாட்டி? தப்பான பார்ட்டை நீட்டியது நீ. நான் மறந்துவிட்டேன். நீயும் மற. வந்துவிடு.

உன் மெக்கானிக்

மார்ச் 11

மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் மறந்துவிட்டீர்களாம்! “ஏ பி சி டி தெரியாதவ கையில வேலையைக் குடுத்தா கடை புகையாம என்ன செய்யும்?” இதுதான் அந்த ‘ஏதோ’. பேக்கரிக்காரர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்.

இங்கே நான் சும்மா இல்லை. மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் வேலை. முதல் வாரம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. ஒரே பார்ட் நம்பருக்குப் பத்து வேஷம். முன்னால் வருவது பெரும்பாலும் தயாரித்தவர் போட்ட எழுத்து. நடுவில் உள்ள நம்பர் என்ன பார்ட் என்று சொல்லும். பின்னால் தொங்கும் வால் அதன் உருவம், தரம், எவ்வளவு சூடு தாங்கும் என்பதையெல்லாம் சொல்லும். நீங்களோ “நம்பரைப் பாரு, எழுத்தை விடு” என்று சொல்லித்தந்த மகான்.

போன வாரம், நம் கடையில் புழங்கும் அதே 2222, நாலு ரெண்டு போட்ட டிரான்சிஸ்டர் வந்தது. முன்னால் ஒரு ‘பி’ கூடுதலாக இருந்தது. தயாரித்தவர் தரும் படம் போட்ட விவரத்தாளை, டேட்டாஷீட்டைப் பார்த்தேன். கால்கள் இடம் மாறியிருக்கின்றன! ‘பி’ இல்லாததில் இடது ஓரம் இருக்கும் கால் இதில் வலது ஓரம். பேக்கரி ஸ்டெபிலைசருக்காக நீங்கள் கடைசியாக வாங்கிய பாக்கெட்டிலும் அந்தப் ‘பி’ இருந்தது. பிரித்துக் கொட்டியவள் நான். நீங்கள் கேட்டதைத்தான் நீட்டினேன். மாற்றி மாட்டியது நீங்கள்.

இப்படிக்கு,
ஏ பி சி டி தெரியாதவள்

மார்ச் 20

டப்பாராணி,

“பெரிய இன்ஜினியர் வந்துட்டா” என்று சிரித்துக்கொண்டேதான் பாக்கெட்டைத் தேடினேன். ‘பி’ இருக்கிறது. ஒன்றைத் திருப்பி மாட்டினேன். வேலை செய்கிறது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் இது நமக்குள் இருக்கட்டும். நாலு பேருக்குத் தெரிந்தால் யார் என்னை நம்பி வேலை கொடுப்பார்கள்?

மெக்கானிக்

மார்ச் 27

கடை நடுவில் திட்டு, காதோடு மன்னிப்பா? பேக்கரிக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு பேசலாம்.

ஏப்ரல் 19

அன்புள்ளவளுக்கு,

மூன்று தடவை பேக்கரி வாசல் வரை போய்த் திரும்பினேன். நேற்று சொல்லிவிட்டேன். “அன்னிக்குத் தப்பு பண்ணது நான்தான். அவ சரியாத்தான் குடுத்தா.” பன் வாங்க நின்ற மூன்று பேரும் கேட்டார்கள். பேக்கரிக்காரர், “அப்போ அந்தம்மாவையே ரிப்பேர் பாக்கச் சொல்லுங்க” என்றார். சுருக்கென்று இருந்தது. உனக்கும் அன்று இப்படித்தானே இருந்திருக்கும்?

எந்த பஸ்ஸில் வருகிறாய்? ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன்.

உன் மெக்கானிக்

ஏப்ரல் 26

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

படித்துவிட்டு அழுதேன். அக்கா பயந்துபோனாள். சந்தோஷ அழுகை என்று அவளுக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. என் கோபம் போய்விட்டது.

ஆனால் நான் வரவில்லை. இங்கே என் கையெழுத்து இல்லாமல் ஒரு பார்ட் வெளியே போகாது. பெரிய டாக்டருடைய கருவியாக இருந்தாலும், நான் ‘இது வேறு’ என்றால் வேலை நிற்கும். இதை விட்டுவிட்டு இனி யார் பக்கத்திலும் நின்று எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. கணவர் பக்கத்திலும்தான்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குப் பார்ட் நம்பர் படிக்கச் சொல்லித்தருகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணி. மூன்றாவது நாற்காலி காலியாக இருக்கிறது. வருவதானால் ஒரு நோட்டு எடுத்து வாருங்கள். பத்து மணி என்றால் பத்து மணி. அப்புறம் கதவைச் சாத்திவிடுவேன்.

இப்படிக்கு,
ஸ்டோர் பொறுப்பாளர்