பால் வந்த செடி

இன்று காலை நெய்யாற்றின்கரையில் ஒரு செடிக்கடை வாசலில் தங்கநிற முள்ளோடு உருண்டையாக ஒரு காக்டஸ் இருந்தது. என் கை தானாகக் கண்ணைப் பொத்தியது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளில் மஸ்கட்டில் நர்ஸ் வேலையை விட்டுப் பாறசாலைக்கு வந்தபோது, அக்கா, நீ அப்படி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாய். மெக்சிகோ பாலைவனத்துச் செடியாம். நீர் கிடைத்தால் அதன் மடிப்புகள் விரியும், வறண்டால் சுருங்கும். "முள்ளுன்னு நெனைக்காத, இலைதான் இப்படி ஆனதாக்கும்" என்பாய். முள் கொத்துகளின் அடியில் காக்டஸுக்கு மட்டுமே உள்ள, கம்பளி போன்ற சிறு திண்டுகளைக் காட்டுவாய்.

பிறகு யாரோ உனக்கு ஆளுயர முள்செடி ஒன்றைத் தந்தார்கள். அதுவும் காக்டஸ் இனம் என்றே நம்பினாய். கிளை வெட்டி நட என்னைக் கூப்பிட்டாய்.

"பால் தெறிக்குமா?" என்றேன்.

"கள்ளியிலதான் பால் உண்டு. இது காக்டஸாக்கும். வெட்டு மக்கா."

வெட்டினேன். வெள்ளையாகப் பீறிட்டது. இரண்டு கண்ணிலும் நெருப்பு.

"ஐயோ, இது கள்ளி!" என்று அலறினாய். குடம் குடமாக ஊற்றினாய். காரக்கோணம் ஆஸ்பத்திரிவரை ஆட்டோவிலும் என் கண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தாய்.

"கண்ணு போயிருமா?"

நர்ஸான நீ என் இமையை விரித்து இன்னும் தண்ணீர் ஊற்றினாய்.

மூன்று நாள் கட்டு. அந்த இருட்டில், வீட்டில் விட்டுவந்த என் ஐந்து மாதக் குழந்தையின் முகத்தை நினைவில் கொண்டுவர முயன்றேன். மூக்கு வந்தது, வாய் வரவில்லை.

"எனக்கு பேடியாட்டு இருக்கு" என்று என் பயத்தைச் சொன்னேன்.

"எனக்கும்தான்." கட்டிலருகே உன் குரல் உடைந்தது. "செடியப் போய்ப் பாத்தேன். முள்ளு ரெண்டு ரெண்டாட்டு நிக்குது, அடியில திண்டே இல்ல. நாந்தான் பாக்காம வெட்டச் சொன்னேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. நீ எழுந்து போய்விடுவாயோ என்றுதான் பயந்து, உன் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் சவப்பெட்டியை மூடுமுன் உன் முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கட்டவிழ்த்த அன்று மங்கலுக்குள்ளிருந்து முதலில் வந்த முகம் என்னிடம் இருக்கிறது. சீவாத தலை, அழுது வீங்கிய கண்.

"தெரியுதா மக்கா? நான் தெரியுதா?"

தெரிகிறாய்.