மேக்னாவின் தலையில் வைத்த கை

சால்ட் லேக், கொல்கத்தா
வியாழக்கிழமை

அன்புள்ள சங்கவிக்கு,

மேக்னாவின் அம்மா நாகலட்சுமி எழுதுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் இதை மடித்து ஓரமாக வைத்துவிடாதே. ஒரே ஒரு தடவை கடைசி வரை படித்துவிடு, பிறகு உன் இஷ்டம். உன் நம்பரில் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. உன் மாமா வீட்டு போனில் கூப்பிட்டாலும் என்னோடு பேச வர மாட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அதனால்தான் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கிறேன்.

விலாசத்துக்காக நேற்று லேக் மார்க்கெட்டில் உங்கள் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். உன் அப்பா என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவர் பாட்டுக்குப் புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். உன் அம்மா சுந்தரிதான் பொட்டலக் காகிதத்தைக் கிழித்து, விருதுநகரில் செல்வராஜ் மாமா வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். உட்காரச் சொல்லி டீயும் வரவழைத்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் அவள் மகளைக் கடைக்காரன் பெண் என்று நான் சொன்ன பிறகும் எனக்கு டீ கொடுக்கிறாள். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். எனக்கு வெட்கம் கொஞ்சம் குறைச்சல்தான்.

உன் கை எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்த பிறகும் விரல் சரியாக மடங்கவில்லை என்று சுந்தரி சொன்னாள். அதற்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, டாக்டரிடம் காட்டினாயா என்றெல்லாம் கேட்க வாய் வருகிறது. இத்தனை நாள் கேட்காமல் இருந்தவள் இப்போது என்ன கேட்பது.

மேக்னா விஷயத்துக்கு வருகிறேன். தலையில் செய்த ஆபரேஷன் நல்லபடியாக ஆறிவிட்டது. பேச்சு, நினைவு எதிலும் குறை இல்லை. தொடை எலும்புதான் கூடவில்லை. இந்த மாதத்துக்குள் மறுபடியும் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பிறகு நடப்பது கஷ்டம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு உடம்பில் கொஞ்சமாவது தெம்பு வேண்டுமாம். அவளோ சாப்பிடுவதில்லை. நாலு ஸ்பூன் ரசம் சாதம், அதுவும் நான் அழுதால். ஆபரேஷன் பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னால் எதுக்கு என்று கேட்கிறாள். துர்கா பூஜை நாட்களில் தெருவில் தாக் மேளம் அடிக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் வருஷா வருஷம் பந்தல் பந்தலாகச் சுற்றிவிட்டுக் கால் வலிக்கிறது என்று வந்து விழுவீர்கள். இந்த வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நீ உயிரோடு இல்லை என்று அவள் நினைக்கிறாள், சங்கவி.

கண் விழித்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். நான் செய்த காரியத்தை அந்த நிலையில் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாள் போகப் போக, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் பண்ணுகிறவள் மூன்று மாதமாக ஏன் ஒரு தடவைகூடப் பேசவில்லை என்று கேட்டாள். நான் சொன்ன பதில்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சரி, உன் அம்மா வாயால் கேட்டால் நம்புவாள் என்று சுந்தரியை வரவழைத்தேன். சுந்தரி உள்ளே வந்து மேக்னா கிடக்கிற கோலத்தைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். நல்லா இருக்காம்மா, சங்கவி நல்லா இருக்கா என்று அழுதுகொண்டே சொன்னாள். மேக்னா அந்த அழுகையைத்தான் நம்பினாள். அன்றைக்கே கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெங்காலி ஆயா வருகிறாள், நாங்கள் மாசி என்று கூப்பிடுகிறோம். எனக்குப் புரியக் கூடாது என்று மேக்னா அவளிடம் வேகமாக பெங்காலியில் பேசுவாள். போன வாரம் மாசி என்னைச் சமையலறையில் ஓரமாக நிறுத்தி விஷயத்தைச் சொன்னாள். விபத்து நடந்த அன்று ஸ்கூட்டரை ஓட்டியது தான்தான் என்றும், தன் சிநேகிதியைத் தானே கொன்றுவிட்டதாகவும் மேக்னா சொல்லி அழுதாளாம். வண்டி மணலில் சறுக்கி விழுந்ததும், நீ ரோட்டில் அசையாமல் கிடந்ததும்தான் அவள் கடைசியாகப் பார்த்தது.

நீதான் ஓட்டினாய் என்று நானாக நினைத்துக்கொண்டு உன்னை என்னவெல்லாம் பேசினேன். ஆன்ட்டி, நான் ஓட்டவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைவில்லாமல் கிடப்பவள் மேல் பழி போடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாயா? உன் வயதில் எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. இந்த வயதிலும் இல்லை.

இன்னொன்றையும் நீ யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் விசாகப்பட்டினத்தைச் சுற்றிப் பார்க்கப் போனீர்கள். கடற்கரை, நீர்மூழ்கிக் கப்பல், கைலாசகிரி ரோப் கார் என்று மேக்னா ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். சிம்மாசலம் கோயிலை அதில் சேர்த்தது நான். அவள் கல்யாணத்துக்காக வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசை அவள் பையில் திணித்தேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம், அதற்கு முன்னால் உண்டியலில் போட்டுவிட வேண்டும் என்றேன். ஹவுராவில் ஏறிய ரயில் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. குளித்து, சாப்பிட்டு, பஸ்ஸில் மெதுவாகப் போகிறோம் என்றாள் மேக்னா. பஸ்ஸுக்கு நின்றால் ராகு காலம் வந்துவிடும், ஏதாவது வண்டி எடுத்துக்கொண்டு சீக்கிரம் போ என்று நாலு தடவை போன் பண்ணி விரட்டியது நான். நாலாவது தடவை போனை எடுத்தது நீ. போய்க்கிட்டே இருக்கோம் ஆன்ட்டி, பயப்படாதீங்க என்றாய்.

கெட்ட நேரத்துக்குப் பயந்துதான் அப்படி விரட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் பை திரும்பி வந்தபோது அந்த முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. மேக்னாவின் அப்பாவிடம்கூட இதை நான் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சத்தியத்தைப் பற்றி எழுத வேண்டும். விசாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட உன் கையை விட்டுவிட்டு மற்ற கையைப் பிடித்து இழுத்து, துணி சுற்றியிருந்த மேக்னாவின் தலையில் வைத்தேன். இனி இவளைப் பார்க்க மாட்டேன், பேச மாட்டேன் என்று இவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு என்றேன். நீ பண்ணினாய். அழக்கூட இல்லை. மறுநாளே கிளம்பிவிட்டாய், வேலையையும் விட்டுவிட்டாய்.

மாசி சொன்ன அன்றைக்கே உன் அம்மாவுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன், அதை அவள் போன வாரமே உன் மாமா வீட்டுப் போனில் உன்னிடம் சொன்னாளாம். அவ உசுரு அதுல இருக்கும்மா, நான் எப்படி மீறுவேன் என்று நீ அழுதாயாம். படித்த பெண் இதையெல்லாம் நம்புகிறாளே என்று உன் மாமா வீட்டில் யாராவது சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். உன் இடத்தில் நான் இருந்தாலும் மீறியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை மேக்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியம் வாங்கியதையும் சேர்த்துத்தான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். கதை நல்லா இருக்கும்மா, முன்னாடியே யோசிச்சிருந்தா நம்பியிருப்பேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை. அவள் அப்பா சொல்லியாயிற்று, டாக்டர் சொல்லியாயிற்று. உன் குரல் ஒன்றுதான் பாக்கி.

அதனால் இன்று காலை குளித்துவிட்டு, விளக்கேற்றி, என் கையை மேக்னாவின் தலையில் வைத்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கவியிடம் நான் பலவந்தமாக வாங்கிய சத்தியத்தை நானே விடுவிக்கிறேன், இனி அது அவளைக் கட்டாது, அதில் தோஷம் ஏதாவது இருந்தால் என் தலையோடு போகட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். வாங்கியவள் நான், விடுகிறவளும் நான். மாசி சாட்சி. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கை கூப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இதை என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்.

நீ கிளம்பி வர வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் ஒரு போன் பண்ணு. அவள் நம்பர் பழைய நம்பர்தான். போன் தலையணைக்குக் கீழேயே இருக்கிறது, மாசி தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். நான் எடுக்க மாட்டேன், பக்கத்திலும் நிற்க மாட்டேன். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அவளைத் திட்டு. சாப்பாட்டை மிச்சம் வைத்தால் எப்போதும் திட்டுவாயே, அதே மாதிரி திட்டு. அந்தத் திட்டை வேறு யாராலும் திட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

உன் மாமா, அத்தை இருவருக்கும் என் நமஸ்காரம். உனக்கு எழுதும் கடிதத்தை ஆசீர்வாதத்தோடுதான் முடிக்க வேண்டும். அதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதோ இல்லையோ, எழுதிவிடுகிறேன். எல்லோருக்கும் எழுதுகிற வார்த்தைதான், இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன். தீர்க்காயுசாக இரு, சங்கவி. நீ இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் என் பெண் இருப்பாள்.

உன் போனுக்காகக் காத்திருக்கும்
நாகலட்சுமி வீரராகவன்