பெரிய டீச்சருக்கு நான் சொன்ன சரி

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். சவப்பெட்டிக் கடையின் மாடியில் உட்கார்ந்துகொண்டு நலம் என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், வரட்டும், ஏழு மாத வயிற்றோடு சிரிப்பது நல்லதுதான். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போடாமல் விழுங்கு. நாற்காலியில் ஏறி எதையும் எடுக்காதே, மாப்பிள்ளை அவ்வளவு உயரமாக இருப்பது எதற்கு. உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பிரசவத்துக்கு வா, மூன்று மாதம் இரு, குழந்தையை நீதான் குளிப்பாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். போனில் கேட்டபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று மழுப்பினேன். அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதற்குள் கடை போன் அடித்துவிடும், மனம் விட்டுப் பேச எங்கே முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஏன் இங்கிருந்து நகர முடியாமல் கிடக்கிறேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. உன் தாத்தா முதலில் அலமாரியும் கட்டிலும் செய்தவர்தான். ஒரு வருடம் ஊரில் விஷக்காய்ச்சல் வந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி செய்து கொடுத்தார். காய்ச்சல் போன பிறகு அலமாரிக்கு ஒருவரும் வரவில்லை, சாவுப்பெட்டி போட்ட பட்டறையில் கல்யாணக் கட்டிலா என்று ஒதுங்கிவிட்டார்களாம். அவரும் மாட்டிக்கொண்டவர்தான். அப்பா காலத்தில் வண்டி வந்தது, குளிர்பெட்டி வந்தது, பட்டறை இறந்தவரைக் கிடத்தும் கூடமானது, பின்னறையில் தண்ணீர் ஓட வழி வைத்து எஃகு மேசை போட்டார்கள். குளிப்பாட்டி உடுத்துவதை அதுவரை அவரவர் வீட்டிலேயே செய்துவந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் உன்னைப் போல வெளியூர் போகப் போக, அதுவும் கடையின் தலையில் விழுந்தது. ஆண்களுக்கு அப்பா இருந்தார். ஒரு நாள் தையற்கார அம்மா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த பெண், அவருடைய சிநேகிதியான நம் பெரிய டீச்சர் மட்டும்தான். அப்பா மாடிப்படியில் நின்று, கொஞ்சம் கீழ வாயேன், இது நான் செய்யக் கூடாது என்றார். அடுப்பை அணைத்துவிட்டு இறங்கினேன். அப்போது கல்யாணமாகி நாலு மாதம். முன்பின் செய்து பழக்கமில்லை, ஆனாலும் அந்த அம்மா தானே தைத்து வைத்திருந்த சட்டையை ஒரு பொத்தான்கூட விடாமல் போட்டுவிட்டேன். டீச்சர் அழுது முடித்து, எனக்கும் நீதான்மா செய்யணும், வேற யாரும் வேண்டாம் என்றார். அந்த நேரத்தில் மாட்டேன் என்றா சொல்வது, சரி டீச்சர் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டீச்சர் சொல்லி ஊரே தெரிந்துகொண்டது. மளிகைக் கடை வரிசையில், பல் டாக்டர் வீட்டு வாசலில் என்று பெண்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு எனக்கும் எனக்கும் என்றார்கள். ஒருத்தி எந்தத் துணி என்று கொண்டுவந்து காட்டிவிட்டே போனாள். எல்லோருக்கும் சரி சொன்னேன். இன்று உயிரோடு இருப்பவர்களில் பதினேழு பேருக்கு நான் வாக்குக் கொடுத்தவள். உன்னைப் பெறப் போன நாலு நாளைத் தவிர இந்த வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை, பக்கத்து ஊரில் நடந்த உன் கல்யாணத்தன்றுகூடச் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தேன். உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள், ஒருத்தி மேசையைப் பார்த்ததும் ஓடிவிட்டாள், இன்னொருத்தி மேசை வரைக்கும்கூட வரவில்லை. ஊருக்குள் நடமாடவும் முடிவதில்லை. காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்க நான் போனால், எனக்கு ஒண்ணுமில்லையே என்று அவர் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இப்போது டீச்சர் படுத்த படுக்கை. டாக்டர் கைவிரித்துவிட்டார், ஒரு மாதமோ இரண்டு மாதமோ என்கிறார். அதைச் சொல்லி வர முடியாது என்று உனக்கு எழுதிவிட நினைத்தேன். எழுதும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று புதன்கிழமை பின்வாசல் வழியாகப் போனேன், முன்வாசலில் போனால் தெருவே கூடிவிடும். போக வேண்டாம் என்று சொல்வார் என்றே நம்பினேன், உள்ளுக்குள் அதைத்தான் ஆசைப்பட்டேன். அவரோ, அட, இதுக்கா இப்படி முழிக்கிற, போயிட்டு வா, நீ வர்ற வரைக்கும் நான் இருக்கேன் என்றார். அன்று முதல் தட்டில் மிச்சம் வைப்பதில்லையாம், மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுகிறாராம், உங்களுக்கு டிக்கெட் போட்டாச்சான்னு தினமும் என்னைத் தொளைக்கிறாங்க என்று அவர் மருமகள் சொல்கிறாள். அப்பாவும் பக்கத்து ஊர்ச் சவப்பெட்டிக் கடையில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மாவை மூன்று மாதத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டார். சாக்குச் சொல்ல எனக்கு ஆளே இல்லை. கதவைத் திறந்து விட்டுவிட்டார்கள், எனக்குத்தான் கால் எழவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உனக்கு எட்டு வயது. பள்ளிக்கு நேரமாகிறதே என்று சீப்போடு வந்தேன். நீ வேண்டாம்மா, அப்பா பின்னட்டும் என்றாய். பக்கத்தில் உட்காரும் பிள்ளை, உங்கம்மா செத்தவங்களத் தொட்ட கையால பின்னிவிட்டாங்களா என்று கேட்டாளாம். அன்றிலிருந்து நீ பள்ளி முடிக்கும்வரை அப்பாதான் பின்னினார், கோணல்மாணலாக. நான் கதவருகே நின்று பார்ப்பேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை, குழந்தைக்கு என்ன தெரியும். ஆனால் அதற்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் புறங்கையால்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது குழந்தையை நீதான் குளிப்பாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை மறந்துவிட்டு எழுதினாயா, நினைவிருந்தே எழுதினாயா என்று பன்னிரண்டு நாளாக அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எப்படியும் வருகிறேன், மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொல். மறந்து எழுதியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடு, நான் சமைத்துப் போட்டுத் துணி துவைத்துக்கொண்டு இருப்பேன், அதுவும் எனக்குப் போதும். பதிலைப் போனில் சொல்லாதே, எழுது.

மற்ற அம்மாக்கள் பிள்ளையின் தலையில் கை வைத்து வாழ்த்துவதாக எழுதிக் கடிதத்தை முடிப்பார்கள். நான் ஒன்றிலும் அப்படி எழுதியதில்லை, நீ கவனித்திருக்க மாட்டாய். இப்போது எழுதுகிறேன். உன் தலையில் கை வைத்து, நீயும் உன் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா