மஞ்சள் கோடு

மார்ச் 4

இன்றும் பட்டறையிலேயே குளித்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் இன்னொரு குளியல். வீடா இது, சோப்புக் கம்பெனியா? அந்த வாசனையே குமட்டுகிறது.

பெரியவளுக்குப் பதினைந்து வயது. ஏழு மாதமாக எதைத் தொட்டாலும் கிருமி என்கிறாள். கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அவளுக்கு எல்லாவற்றிலும் பெரிய அழுக்கு யார்? ஒன்பது வயதுத் தங்கச்சி, எங்கள் குட்டி. பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு வருகிறாளாம்.

மார்ச் 6

குட்டி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மணி நேரம் பெரியவள் அலறினாள். “குட்டிய ஒரு ஓரமா உக்கார வைங்களேன், என்னால முடியல” என்று மனைவி அழுதாள்.

மார்ச் 7

பட்டறையில் மஞ்சள் பெயிண்ட் மிச்சம் இருந்தது. வண்டி தூக்குகிற இடத்தில் யாரும் வராமலிருக்கப் போடுவோமே, அதே மாதிரி கூடத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டேன். அந்தப் பக்கம் குட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. “தாண்டாத செல்லம்” என்றேன். தலையாட்டினாள். வீடு அடங்கியது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 19

அமைதி.

ஏப்ரல் 2

எழுதவே கை கூசுகிறது. குட்டி பட்டறைக்கு வந்தாள். தூக்கப் போனேன். என் உடம்பு முழுக்க கிரீஸ். பின்னால் நகர்ந்தாள்.

“வேணாம்ப்பா. நான் அழுக்கு. உங்க மேல ஒட்டிக்கும்.”

சீ! நானெல்லாம் ஒரு அப்பன். கோடு போட்டவன் நான்தானே? நோயா வந்து போட்டது?

ஏப்ரல் 5

ஒருவழியாக மனநல மருத்துவரிடம் போனோம். இத்தனை நாள் மச்சான் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். “கொழுப்பு மாமா, ரெண்டு போட்டா சரியாப் போயிடும்.” அவன் வாயில் மண்ணைப் போட!

“கொழுப்பு இல்லைங்க, நோய். நீங்க விட்டுக் கொடுக்கக் கொடுக்க அது வளரும்” என்றார் டாக்டரம்மா. கோட்டைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் குட்டியையே பார்த்தார். “இவளுக்கும் வைத்தியம் வேணும்.”

ஏப்ரல் 20

டாக்டரம்மா சொன்னபடி பெரியவள் கோட்டைத் தாண்டி, குட்டியின் பையைத் தொட்டாள். பத்து நிமிடம் கழுவக் கூடாது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அவ அழுக்கில்லன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா கை கேக்க மாட்டேங்குது.” அந்த நோய்க்கு ஒரு மூஞ்சி இருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

மே 11

பெரியவளும் நானும் தின்னர் ஊற்றிக் கோட்டைச் சுரண்டி எடுத்தோம். குட்டி மட்டும், இல்லாத கோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கிறாள்.

மே 30

இன்றும் அங்கேதான்.

ஜூன் 22

காலையில் ஒரே கூச்சல். “அப்பா! அக்கா என் சீப்ப எடுத்துட்டா!”

குட்டி கோடு இருந்த இடத்தைத் தாண்டி ஓடி, அக்கா மேல் விழுந்து பிடுங்கினாள். பெரியவள் விடவில்லை. முடி சுற்றி, பேன் மருந்து நாறுகிற சீப்பு. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இரண்டு கழுதைகளையும் ஆசை தீரத் திட்டினேன்.